மே மாதமா, டிசம்பரா? விலங்கு பார்க்க எந்தப் பருவத்தில் எந்த கேம்ப்

கேள்வி இதுதான். ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கும் ஒருவர், ஊரிலிருந்து அப்பா, அம்மா, தங்கை குடும்பம் என எல்லோரையும் வரவழைத்து விலங்குகளைக் காட்ட நினைக்கிறார். அவர்கள் மே மாதம் வரலாம், இல்லாவிட்டால் டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு வரலாம். அப்பாவுக்கு எழுபதை ஒட்டிய வயது, முழங்கால் வலி. தங்கை மகனுக்கு ஐந்து வயது. "எந்த கேம்ப் நல்லது?" என்று கேட்டு, நாலைந்து லாட்ஜ்களின் படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

படங்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். அறை எப்படி இருக்கும் என்பது படத்தில் தெரியும். நீங்கள் போகிற மாதத்தில் அந்த அறையைச் சுற்றி எது நடமாடும் என்பது தெரியாது. கேம்பை, அதாவது காட்டுக்குள் தங்கும் இடத்தை, தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த மாதத்தில் அந்த வட்டாரத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது? கட்டில், குளியலறை, நீச்சல்குளம் எல்லாம் அப்புறம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே முதலில் குழம்புவது பருவம்தான். குரூகர், பிலானஸ்பர்க் பூங்காக்களும் ஸுலுலாண்ட் வட்டாரமும் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் கோடையில்தான் மழை. அக்டோபர் வாக்கில் முதல் இடி கேட்கும், மார்ச் வரை மழை இருக்கும், ஏப்ரலில் ஓயும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கேயும் மழை என்று நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் வறட்சிதான். அக்கினி நட்சத்திரத்தில் வெந்துபோய் விமானம் ஏறுகிற உங்கள் அப்பா அம்மா, இங்கே வந்து விடியற்காலையில் ஸ்வெட்டர் கேட்பார்கள்.

மழை பெய்தால் காடு முழுக்கச் சின்னச் சின்னக் குட்டைகள் நிறைந்துவிடும். எந்த விலங்கும் ஆற்றுக்கு நடந்து வர வேண்டிய அவசியமில்லை. புல்லும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும்; பத்தடி தள்ளிச் சிங்கம் படுத்திருந்தாலும் காரில் இருப்பவருக்குத் தெரியாது. வறட்சியில் நேர்மாறு. குட்டைகள் வற்றும், இலை உதிரும், புல் சாயும். வற்றாத ஆற்றுக்கும் அணைக்கும் எல்லாமே வந்தாக வேண்டும். அவற்றைப் பின்தொடர்ந்து சிங்கமும் சிறுத்தையும் வரும்.

முதலில் மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி திறப்பதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்றாலும், முடிந்தவரை மாதத்தின் கடைசிப் பாதிக்குத் தள்ளுங்கள். மே தொடக்கத்தில் மழையின் பச்சை கொஞ்சம் மிச்சமிருக்கும். கடைசியில் புல் மஞ்சளாகி, குட்டைகள் வற்றத் தொடங்கியிருக்கும். பகலில் இதமான வெயில், நல்ல வெளிச்சம், கூட்டமும் குறைவு. ஜூன் கடைசியில் இங்குள்ள பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை வந்துவிட்டால் அந்த அமைதி போய்விடும்.

மே மாதத்துக்கு என் பதில் குரூகர். அங்கே லோயர் சபி கேம்பில் இரண்டு இரவு, சட்டாராவில் இரண்டு இரவு. ஒரே கேம்பில் நான்கு இரவும் தங்கிவிடாதீர்கள். குரூகர் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர் நீளமுள்ள காடு. பரப்பு 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தெற்கில் இருக்கும் மண்ணும் மரமும் நடுவில் இல்லை, நடுவில் இருப்பது வடக்கில் இல்லை.

லோயர் சபியை ஏன் சொல்கிறேன்? சபி ஆறு வறண்ட காலத்திலும் ஓடுகிற ஆறு. கேம்ப் அதன் கரையிலேயே இருக்கிறது. உணவகத்தின் மரத்தளத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் நீர்யானை, யானை, காட்டெருமை, அக்கரையில் தண்ணீர் குடிக்க வரும் மான்கள் என்று அப்பாவுக்குப் பொழுது போய்விடும். முழங்கால் வலி உள்ளவரை நாள் முழுக்கக் காரில் மடக்கி உட்கார வைப்பது பாவம். கேம்ப் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சன்செட் அணை இருக்கிறது. சாலையே தண்ணீரோரம்தான் போகிறது. கார் கண்ணாடிக்கு வெளியே முதலை படுத்திருக்கும், நீர்யானை முதுகில் பறவை நிற்கும். ஐந்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அந்த வயதில் சிங்கத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் நடக்குமா?

லோயர் சபிக்கும் ஸ்கூகூஸாவுக்கும் இடையே ஆற்றை ஒட்டிப் போகும் தார்ச்சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. வாகன நெரிசலுக்கும் அதே அளவு பேர்போனது. ஒரு சிறுத்தை மரத்தில் இருக்கிறது என்றால் முப்பது கார் நின்றுவிடும். விடியற்காலையில் போனால் தப்பலாம்.

சட்டாராவின் கதை வேறு. குரூகரின் கிழக்குப் பாதியில் பசால்ட் என்ற எரிமலைப் பாறை மண். மேற்குப் பாதியில் கிரானைட். எரிமலை மண்ணில் சத்தான புல் விளையும். அதைத் தேடி வரிக்குதிரையும் வைல்ட்பீஸ்டும் காட்டெருமையும் கூட்டம் கூட்டமாக மேயும். அங்கே சிங்கமும் இருக்கும். மரம் குறைவான சமவெளி என்பதால் கண்ணுக்கும் எட்டும். கேம்புக்குப் பக்கத்தில் நவனெட்சி ஓடையை ஒட்டிக் கிழக்கே போகும் எஸ் 100 என்ற மண் சாலையில் கேட் திறந்ததும் முதல் காராகப் போங்கள். மாலையில் மேற்குப் பக்கம் இருக்கும் ந்செமானி அணை. லோயர் சபியிலிருந்து சட்டாரா சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் தார்ச்சாலையில் வேக வரம்பு 50, மண் சாலையில் 40. நின்று நின்று பார்த்துக்கொண்டு போனால் அரை நாள் ஆகும். நடுவில் ட்ஷொக்வானேயில் இறங்கிச் சாப்பிடலாம். குரங்குகள் உங்கள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஸ்கூகூஸாவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அது பூங்காவின் தலைமையகம், மிகப் பெரிய கேம்ப். மருத்துவர், பெட்ரோல், கடை, விமான நிலையம் எல்லாம் இருக்கின்றன. ஒரு சின்ன ஊர் போலவே இருக்கும். அப்பாவின் உடல்நிலை கவலை தருகிறது என்றால் அங்கே தங்குங்கள், தவறில்லை. பக்கத்தில் லேக் பானிக் என்று பறவை பார்க்கும் மறைவிடம் ஒன்று இருக்கிறது, தவற விடாதீர்கள். ஒலிஃபான்ட்ஸ் கேம்ப் ஆற்றுக்கு மேலே குன்றின் உச்சியில் இருக்கிறது. காட்சி அபாரம், ஆனால் விலங்குகள் கீழே எறும்பளவில்தான் தெரியும், நல்ல பைனாகுலர் வேண்டும். ஒலிஃபான்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே மொபானி மரக்காடு தொடங்கிவிடும். யானை நிறைய, மற்றவை குறைவு. முதல்முறை வருகிறவர்களை நான் அந்தப் பக்கம் அனுப்புவதில்லை. லெட்டபாவில் பெரும் தந்தங்களை வைத்திருக்கும் யானைக் கூடம் மட்டும் பார்க்கத் தகுந்தது. தென்மேற்கில் உள்ள ப்ரிட்டோரியஸ்கொப் அழகான பழைய கேம்ப்தான், ஆனால் அங்கே மழை அதிகம், புல்லும் உயரம்.

இன்னொன்று. மே மாதம் இம்பாலா மான்களின் இணைசேரும் காலம். ஆண் மான்கள் இரவெல்லாம் உறுமும். அவ்வளவு மெலிந்த பிராணியிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். முதல் இரவு அம்மா சிங்கம் வந்துவிட்டது என்று எழுப்பினால் நிதானமாகச் சொல்லிவிடுங்கள்.

விடுமுறை இடம் கொடுத்தால் செப்டம்பரையே சொல்லியிருப்பேன். மழைக்கு முந்தைய கடைசி வாரங்களில் காடு மொட்டையாக இருக்கும், எஞ்சிய தண்ணீரைச் சுற்றி எல்லாமே நிற்கும். புழுதி, வெயில், மெலிந்த காட்டெருமைகள் எனப் பார்க்க அழகான காலம் அல்ல. ஆனால் விலங்கு பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலமும் இல்லை. எங்கள் டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. அது புரட்டாசி. இங்கே தலைமுறைகளாக வாழ்கிறவர்கள் அந்த மாதம் முழுக்க கவுச்சி தொட மாட்டார்கள், ஊரில் இருப்பவர்களைவிடக் கறாராக. பக்கத்துக் குடிலில் இறைச்சி சுடும் ப்ராய் புகை மூக்கில் ஏற, நாங்கள் சோளத்தையும் உருளைக்கிழங்கையும் சுட்டுக்கொண்டிருப்போம்.

இனி டிசம்பர். மழைக்காலத்தில் போனால் ஒன்றும் பார்க்க முடியாது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நவம்பர் கடைசி, டிசம்பரில் இம்பாலா குட்டிகள் சில வாரங்களுக்குள் மொத்தமாகப் பிறக்கும். எங்கே பார்த்தாலும் நிற்கத் தெரியாத குட்டிகள். வேட்டையாடும் விலங்குகளுக்கும் அது கொண்டாட்ட காலம். பறவைகள் வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கியிருக்கும். நாகாலாந்தில் அக்டோபர், நவம்பரில் ஆயிரக்கணக்கில் இறங்கி இளைப்பாறும் அமுர் வல்லூறுகள் கடலைத் தாண்டிக் கடைசியில் வந்து சேர்வது ஆப்பிரிக்காவின் இந்தத் தெற்குப் பகுதிக்குத்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பறவை பார்க்கிறவர் என்றால் குரூகரின் வடகோடியில் உள்ள புண்டா மரியாவுக்கு டிசம்பரில் தாராளமாகப் போகலாம். மற்றவர்களுக்கு அது தூரம்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது. டிசம்பரில் குரூகரை நான் தயங்காமல் நீக்குவது மலேரியாவால். அந்தப் பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை அபாயக் காலமாகக் கருதுகிறார்கள், மழைக்குப் பின் அது கூடும். "சென்னையில் பார்க்காத மலேரியாவா?" என்று அப்பா சிரிக்கலாம். சென்னையில் அதிகம் காண்பது விவாக்ஸ் வகை. இங்கே வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம். மூளையைத் தாக்கக்கூடியது, நாட்களில் ஆளைச் சாய்த்துவிடும். சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மலேரியா பகுதிக்கு அழைத்துப் போவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். மே மாதக் கடைசியில் அபாயம் குறையும், இல்லாமல் போகாது. எனவே குரூகர் என்று முடிவானால் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்னதாகவே கேளுங்கள். பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி. திரும்பிப் போன பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய் வந்தோம் என்று ஊர் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

டிசம்பரில் மலேரியா இல்லாத காடுகளைப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிலானஸ்பர்க். அணைந்துபோன ஒரு பழைய எரிமலையின் வட்டத்துக்குள் இருக்கும் காடு. நடுவில் மன்க்வே அணை, ஆண்டு முழுக்கத் தண்ணீர். அணையோரம் மறைவிடம் இருக்கிறது, பையன் ஓடினாலும் பாதகமில்லை. மன்யானே கேம்பில் குடில்கள் எளிமையானவை, நீச்சல்குளம் உண்டு. ஜோகன்னஸ்பர்க்குக்கு இவ்வளவு பக்கம் என்பதால் கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டம் தாங்காது. வாரநாட்களாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கையில் பணம் இருக்கிறது என்றால் டிசம்பருக்கு மடிக்வே. போட்ஸ்வானா எல்லையோரம், மலேரியா கிடையாது. சொந்தக் காரில் சுற்ற அனுமதி இல்லை. லாட்ஜில் தங்கி அவர்களுடைய திறந்த வண்டியில்தான் போக வேண்டும். என் கணக்கு இங்கேதான் மற்றவர்களிடமிருந்து மாறுபடும். தனியார் லாட்ஜுக்குச் செலவு செய்வதென்றால் மழைக்காலத்தில் செய்யுங்கள். புல் உயர்ந்து நிற்கும்போதுதான் தடம் பார்க்கத் தெரிந்த வழிகாட்டியும், ஒருவருக்கொருவர் தகவல் சொல்லும் வானொலியும், சாலையை விட்டு இறங்கிப் போகும் உரிமையும் காசுக்கு மதிப்பாகின்றன. மே மாதக் கடைசியில் எல்லாமே ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும்போது, தேசியப் பூங்காவின் குடிலும் சொந்தக் காரும் போதும். குரூகரை ஒட்டிய சபி சாண்ட் என்ற தனியார் காப்பகமும் இப்படித்தான்; இடையில் இருந்த வேலியை 1993ல் எடுத்துவிட்டார்கள். அங்கே சிறுத்தை பார்ப்பது ஏறக்குறைய நிச்சயம். ஆனால் அது மலேரியா பகுதி. எந்த லாட்ஜாக இருந்தாலும் குழந்தையின் வயதைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆறு வயதுக்குக் கீழே வண்டியில் ஏற்றாத லாட்ஜ்கள் பல. குரூகர் கேம்ப்களிலிருந்து புறப்படும் பொது சஃபாரி வண்டிகளிலும் ஆறு வயது விதி உண்டு.

வறண்ட காலம்தான் நல்லது என்ற விதியே செல்லாத இடமும் ஒன்று இருக்கிறது. கிழக்குக் கேப்பில் கெபெர்ஹாவுக்கு (பழைய போர்ட் எலிசபெத்) பக்கத்தில் அட்டோ யானைப் பூங்கா. அங்கே மழை ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்கிறது, புதர் எப்போதும் பச்சை. அதனால் மாதத்தைவிட அன்றைய வெயிலைத்தான் பார்க்க வேண்டும். டிசம்பர் மதியம் கொளுத்தினால் ஹபூர் நீர்நிலையில் குட்டிகளோடு யானைகள் கும்பலாக வந்து குளிக்கும். 1931ல் ஒரு டஜன் கூட இல்லாத யானைகளோடு தொடங்கிய பூங்கா, இப்போது அறுநூற்றுக்கும் மேல். மலேரியாவும் இல்லை. கேப் டவுன் பக்கம் போகிற திட்டம் இருந்தால் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் டர்பன்காரன் என்ற பெயருக்கு இழுக்கு. வடக்கே மூன்று மணி நேரத்தில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோஸி. 1895ல் அறிவிக்கப்பட்டது, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று. வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்தில் இன்று இருப்பதற்கே இந்தக் காடுதான் காரணம். 1960களில் இங்கிருந்து பிடித்துத்தான் மற்ற பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். கள்ள வேட்டைக்காரர்களுக்குப் பயந்து இப்போது கொம்பை வெட்டிவிடுகிறார்கள். கொம்பில்லாமல் பார்த்தால் பையனுக்குக் காரணம் சொல்லிவிடுங்கள். இங்கே இரண்டு கேம்ப். ஹில்டாப் குன்றின் மேல், உணவகத்தோடு, பெரியவர்களுக்கு வசதியானது. ஆனால் கோடையில் மூடுபனி இறங்கினால் எதிரே எதுவும் தெரியாது. ம்பிலாவுக்கு வேலி கிடையாது. இரவில் கழுதைப்புலி அடுப்படி வரை வந்து பாத்திரத்தைத் தூக்கிப் போகும். குளிர்காலத்தில் விலங்கு பார்க்க ம்பிலாதான் மேல், ஆனால் ஐந்து வயதுப் பையனோடு நான் தங்க மாட்டேன். டிசம்பரில் டர்பன் வந்தால் இதைவிட செயின்ட் லூசியா பக்கம் போங்கள். முகத்துவாரத்தில் படகிலிருந்து நீர்யானையும் முதலையும் மழைக்காலத்திலும் தெரியும். வடக்கே அந்தக் கடற்கரையில் கடலாமைகள் முட்டையிட ஏறுவதும் அந்த மாதங்களில்தான். மலேரியா பற்றிய கேள்வியை இங்கேயும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கலஹாரியைப் பலர் சொல்வார்கள். கருத்த பிடரிச் சிங்கங்கள், சிவப்பு மணல், உண்மையிலேயே அருமை. மே மாதம் இரவுகள் உறையும் குளிரை நெருங்கிவிடும், டிசம்பரில் நாற்பது டிகிரி, எங்கிருந்தும் நெடுந்தூரம். இந்தக் குழுவோடு வேண்டாம்.

எந்த மாதமானாலும் கேம்ப் வேலிக்குள்ளே தங்குங்கள், வெளியே ஊரில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். குரூகரில் நவம்பர் முதல் ஜனவரி வரை பூங்காவின் வெளிவாசல் காலை 5.30க்குத் திறக்கும். உள்ளே கேம்ப் வாசல் 4.30க்கே திறந்துவிடும். கோடையில் வெயில் ஏறிவிட்டால் எல்லாம் நிழலில் படுத்துவிடும் என்பதால் அந்த ஒரு மணி நேரம் விலைமதிப்பற்றது. மே மாதத்தில் இரண்டும் 6 மணிக்குத்தான், மாலை 5.30க்குள் திரும்பிவிட வேண்டும், தாமதமானால் அபராதம். நாள் முழுக்க நம் காரை நாமே ஓட்டிச் சுற்றலாம் என்பதை முதுமலை, பந்திப்பூர் போய்ப் பழகியவர்களால் நம்பவே முடியாது. குறித்த இடங்களைத் தவிர எங்கும் கீழே இறங்கக் கூடாது. அப்பாவின் முழங்காலுக்கும் பையனின் சிறுநீர்ப்பைக்கும் ஏற்றபடி நிறுத்தங்களைத் திட்டமிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பெரும்பாலான குடில்களில் குளிர்பெட்டியும் சமைக்கும் வசதியும் இருக்கும். பதிவு செய்யும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உணவகங்களில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு பீட்சாவும்தான். புளியோதரை, தோசை மாவு, ஒரு சின்ன குக்கர் கொண்டுபோனால் அம்மாவும் நிம்மதியாக இருப்பார். குளிர்பெட்டியைக் குரங்கு திறக்காதபடி நாற்காலியை அணைகொடுத்து வையுங்கள்.

தேசியப் பூங்கா அறைகள் பதினோரு மாதம் முன்பே பதிவுக்குத் திறக்கும். லோயர் சபியில் ஆற்றைப் பார்த்த குடில்கள் முதலில் தீர்ந்துவிடும். சட்டாராவில் வேலியோரக் குடிலாகக் கேளுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் கழுதைப்புலி வேலியை ஒட்டி நடந்து போகும். முழுதும் நிறைந்துவிட்டது என்று காட்டினாலும் விட்டுவிடாதீர்கள், ரத்தாகும் அறைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள். நுழைவுக் கட்டணம் தலைக்கு, நாளுக்கு. வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அதையும் கணக்கில் சேர்த்த பிறகு லாட்ஜ் விலையோடு ஒப்பிடுங்கள்.